அடி வாங்கியவன் கற்றுக்கொள்வது

ஐயா,

பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. மன்னார்குடிப் பக்கத்திலோ, ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்’ என்று பெற்றோரே ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வருகிறார்கள். வீட்டு நிலவரத்தைக் கேட்கவே வேண்டாம்.

மேட்டூர் தண்ணீர் பாமணி ஆற்றுக்கு வந்ததும் சொல்லாமல் குளிக்கப் போன பையனுக்கு நடுத்தெருவில் அடி விழுகிறது. மறுநாளும் போகிறான், தலையைத் துவட்டி, கால்சட்டையைக் கரையிலேயே காயவைத்துக்கொண்டு திரும்புகிறான். அடி கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். எங்கே ஆழம், மதகுப் பக்கம் ஏன் போகக் கூடாது என்று அப்பா கூட இறங்கிக் காட்ட அரை மணி நேரம் ஆகுமா? (அதற்கு அவருக்கும் நீச்சல் தெரிய வேண்டும்!)

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் கட்டடம், கழிவறையோடு இதையும் பேசலாமே.

– ஒரு வாசகர், மன்னார்குடி