வெளிநாட்டுக் கடன்: வாங்கிய நாள் ரேட்டையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரூபாய் சரிந்தால் எங்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் சந்தோஷம்தான். பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பான். அவன் அனுப்பும் பணம் இங்கே கூடுதலாக வந்து விழும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ரேட் அரசின் கடன் கணக்கை என்ன செய்கிறது என்று பத்திரிகைகள் போதிய அளவு எழுதுவதில்லை.

2014-ல் டாலர் சுமார் 60 ரூபாய். அன்று 10 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தால் கைக்கு வந்தது 600 கோடி. 2024 கடைசியில் டாலர் 85-ஐத் தொட்டது. அந்த நேரத்தில் அசலை மொத்தமாக அடைக்க 850 கோடி வேண்டும். வட்டி 2 சதவீதம்தான் என்று வாங்கியிருந்தாலும், அசலே ஆண்டுக்குச் சுமார் மூன்றரை சதவீதம் வளர்ந்துவிட்டதே! கொண்டுவிற்கப் போய் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக் கணக்கு எழுதிய சீமை இது. இந்தக் கணக்கு இங்கே யாருக்கும் சட்டென்று புரியும்.

இதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பாதிப்பு உண்டு. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை மாநிலத் திட்டங்களுக்குத் தரும் கடனை, 12-வது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி, 2005-லிருந்து மத்திய அரசு அதே நிபந்தனைகளோடு மாநிலத்திடம் தள்ளிவிடுகிறது. முன்பு நாணய மாற்று இழப்பை டெல்லி ஏற்றது. இப்போது அது நம் தலையில். சாலைக்கும் குடிநீருக்கும் போக வேண்டிய பணம் இப்படிக் கரைகிறது.

எல்லாமே நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். 2020-ல் 70 பைசா அளவில் இருந்த ஜப்பான் யென், 2024 நடுவில் 55 பைசாவுக்கும் கீழே போனது. யென் தவணை கட்டியவர்களுக்கு அது லாபம். அதனால்தான் எந்த நாணயத்தில் வாங்கினோம் என்பது முக்கியம்.

இலங்கை பட்டதைப் பார்த்தோம். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360-ஐ எட்டியது. நடுவில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அந்த அரசு அறிவித்தது. கொழும்பு செட்டியார் தெருவோடு தலைமுறைத் தொடர்புள்ள எங்களுக்கு அது வேதனையான செய்தி. இந்திய அரசின் கடனில் பெரும்பகுதி உள்நாட்டில், ரூபாயில் வாங்கியது என்பதால் நமக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. வெளிநாட்டு நாணயத்தில் கடன் பத்திரம் விற்கும் 2019 பட்ஜெட் யோசனை அப்போது கைவிடப்பட்டதும் நல்லதே என்பது என் கருத்து.

சரி, வாங்கிய கடனுக்கு என்ன வழி? ஒவ்வொரு வெளிநாட்டுக் கடனுக்கும் வாங்கியபோது இருந்த ரேட், இன்றைய ரேட், ரூபாய் சரிவால் கூடுதலாகக் கட்டிய தொகை, இந்த மூன்றையும் மாநில பட்ஜெட்டில் எளிய தமிழில் ஒரே அட்டவணையாக அச்சிட வேண்டும். நிதித்துறையிடம் இதைக் கேட்டு வாங்கி, பட்ஜெட் நாளன்று தங்கள் இதழும் வெளியிட வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர், காரைக்குடி