செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டக் குறிப்பு புலன (வாட்ஸ்அப்) குழுவில் முன்னரே அனுப்பப்பட்டது. திருத்தம் எதுவும் வரவில்லை. செயலவை வழக்கம்போல் கூடியது. கதைப் பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் நம் சனிக்கிழமை மேசையாட்டங்கள், பண்டிகை வாரங்கள் நீங்கலாக, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் மாடியறையில் நடந்தன. பள்ளி விடுமுறையில் புதியவர்களுக்கான அறிமுக ஆட்டம் ஒன்று நடத்தினோம். தீபாவளி ஒன்றுகூடலுக்கு நல்ல கூட்டம். முறுக்கு தீரும்வரை யாரும் நகரவில்லை.

இவ்வாண்டின் முக்கியப் பணி, மறைந்து தாக்கும் பாத்திரங்களுக்கான சண்டை விதித்தாள். ஒரே ஒரு வகைப் பாத்திரத்துக்கு ஓராண்டு உழைப்பா என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் சோதனை ஆட்டத்துக்கு வந்தவர் யாருமில்லை என்பதால், பதிலைச் சற்று விரிவாகவே இங்கு வைக்கிறேன்.

நம் மேசைகளில் பெரும்பாலும் ஆடப்படுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்பு ஆட்டம், ஐந்தாம் பதிப்பு. சிலர் கையில் 2014 விதிகள், சிலர் கையில் 2024இல் திருத்தி வந்தவை. வாள் வீசுபவர் எதை வைத்துக்கொண்டும் ஒப்பேற்றிவிடலாம். பதுங்கித் தாக்கும் பாத்திரமான ரோக்கை ஆடுபவருக்கு அப்படியில்லை. 2014 விதிப்படி ஒளிபவர் இருபது முகப் பகடையை உருட்டி ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) எண்ணைக் கூட்டுகிறார். அதை ஒவ்வோர் எதிரியின் பாஸிவ் பெர்செப்ஷனோடு, அதாவது தேடாமலே கவனிக்கும் எண்ணோடு, ஆட்டத்தை நடத்தும் டிஎம் ஒப்பிடுகிறார். அது 10உடன் எதிரியின் பெர்செப்ஷன் எண் சேர்ந்தது. எங்கே ஒளியலாம் என்பதை டிஎம்மே முடிவு செய்வார். 2024இல் இடம் வரையறுக்கப்பட்டுவிட்டது: கண்ணுக்கு எட்டாத இருட்டு, அடர்ந்த புகை போன்றவற்றுக்குள் இருக்க வேண்டும், அல்லது உடலின் முக்கால் பங்கையாவது மறைக்கும் தடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும், எந்த எதிரியின் பார்வைக் கோட்டிலும் இருக்கக் கூடாது. ஆனால் உருட்டலுக்கான இலக்கு எல்லாருக்கும் 15 என்று ஆகிவிட்டது. தூங்கி வழியும் காவலனுக்கும் மோப்ப நாய்க்கும் முதல் இலக்கு ஒன்றே என்பதை நம் டிஎம்கள் ஏற்கவில்லை.

ஆகவே நமது தாள் இடத்துக்கான விதியை 2024இலிருந்தும், எண்ணுக்கான விதியை 2014இலிருந்தும் எடுத்துக்கொண்டது. வரிசை இதுதான். முதலில் இடம் சரியா என்று டிஎம் சொல்கிறார். சரியில்லை என்றால் பகடையைத் தொடவே கூடாது. உருட்டிய பிறகு "அங்கே ஒளிய முடியாது" என்று சொல்வதால்தான் பாதிச் சண்டை மேசைக்கு வெளியே நடந்தது. இடம் சரியென்றால் ஒருமுறை உருட்டி, மொத்தத்தைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கிறோம். வெளிப்படும்வரை அதே எண்தான் நிற்கும். எதிரியின் பாஸிவ் எண் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அவர் பார்த்துவிட்டார். சமமாக இருந்தால் ஒளிந்தவருக்கே வெற்றி என்று செயலவை தீர்மானித்தது.

ஐந்தாம் நிலை ரோக் ஒருவருக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +4, இரட்டிப்பான திறமை எண் +6 என்றால் ஸ்டெல்த் +10. பகடையில் 1 விழுந்தாலும் மொத்தம் 11. 2014 விதிகளில் கோப்ளின் என்ற குட்டி எதிரியின் பாஸிவ் எண் 9 மட்டுமே. அங்கே உருட்டுவதே நேர விரயம். "1 விழுந்தால் தானாகத் தோல்வி" என்று வாதிடுகிறவர்கள் கவனிக்க: அது தாக்குதல் உருட்டலுக்கான விதி, திறன் சோதனைக்கு அல்ல.

வெளிச்சத்தை நம் மேசைகளில் பலரும் மறந்துவிடுகிறார்கள். தீப்பந்தம் 20 அடிக்கு நல்ல ஒளியும், அதற்கு அப்பால் 20 அடிக்கு மங்கலான ஒளியும் தரும். மங்கலில் பார்ப்பவருக்குப் பெர்செப்ஷனில் பாதகம் (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது), அதாவது பாஸிவ் எண்ணில் 5 குறையும். இருட்டில் பார்க்கும் திறனுள்ள எதிரிக்கு முழு இருட்டே மங்கலான ஒளியாகத்தான் தெரிகிறது. அவருக்கும் 5 குறைத்தாக வேண்டும். முன்னால் ரோக் பதுங்கிப் போக, பத்தடி பின்னால் தோழர் பந்தம் ஏந்தி வந்தால் இந்தக் கணக்கு முழுவதும் வீண்.

அடுத்தது தாக்குதல். எதிரிக்குத் தெரியாமல் தாக்குபவருக்குச் சாதகம் உண்டு: இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். 8 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் இலக்கில் இது 65 விழுக்காட்டு வாய்ப்பை ஏறத்தாழ 88 ஆக்குகிறது. 20 விழும் வாய்ப்பு 5இலிருந்து 9.75 ஆகிறது. பட்டாலும் தவறினாலும் தாக்கிய கணமே இருப்பிடம் தெரிந்துவிடும். மறைந்து நின்று அம்பு எய்வது முறையா என்று வாலி கேட்டதை நம் உறுப்பினர் ஒருவர் சண்டை தவறாமல் எழுப்புகிறார்; அது இத்தாளின் வரம்புக்கு வெளியே. எய்த பிறகும் மறைவு நீடிக்குமா என்பதே இங்குள்ள கேள்வி, நீடிக்காது என்பதே விடை.

ரோக் இரண்டாம் நிலையிலிருந்து போனஸ் ஆக்ஷனாகவே (தன் முறையில் கிடைக்கும் கூடுதல் சிறு செயலாக) ஒளியலாம். மற்றவர்கள் அதற்குத் தங்கள் ஆக்ஷனை, அதாவது அந்த முறையின் முக்கியச் செயலைக் கொடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தாக்குதல் உள்ளவர் இரண்டு சுற்றும் தாக்கினால் மேற்சொன்ன இலக்கில் சராசரியாக 1.3 தாக்குதல் படும், ஒரு சுற்று ஒளிந்து அடுத்ததில் தாக்கினால் 0.88தான். வில்லாளிகள் நடுச்சண்டையில் தூண் தேடி ஓடுவது இழப்பு என்பதை இந்த ஒரு கணக்கே காட்டும்.

ரோக்கும் ஒவ்வொரு சுற்றும் ஒளிய வேண்டியதில்லை. தோழர் ஒருவர் எதிரிக்கு 5 அடிக்குள் செயல்படும் நிலையில் நின்றால், ரோக்குக்குப் பாதகம் இல்லாதவரை, ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதம் கிடைத்துவிடும். குறுவாள் போன்ற லாவகமான (ஃபினெஸ்) ஆயுதமோ வில் போன்ற தொலை ஆயுதமோ வேண்டும், பெருங்கோடரி ஆகாது. முதல் நிலையில் ஓர் ஆறுமுகப் பகடை, பிறகு ஒவ்வோர் ஒற்றைப்படை நிலையிலும் ஒன்று கூடும். ஐந்தாம் நிலையில் மூன்று, சராசரி 10.5. இது ஒருவரின் முறைக்கு ஒருதரம், எல்லாரும் ஆடி முடிக்கும் சுற்றுக்கு ஒருதரம் அல்ல. எதிரி தப்பி ஓடும்போது ரியாக்ஷனாக (உடனடி எதிர்வினையாக) குத்தினால், அது எதிரியின் முறை என்பதால், மீண்டும் சேர்க்கலாம். இதைத் தெரிந்துகொண்டவர் ரோக்கைத் தூணுக்குப் பின்னால் அல்ல, ஓடும் வழியில் நிறுத்துவார்.

அதிகம் தகராறு தந்தது ஒரே தூண். ஒளிவது, எய்வது, மீண்டும் அதே தூணுக்குப் பின்னால் ஒளிவது. இதற்கு நாமே எழுதிய விதி: அதே இடத்தில் இரண்டாம் முறை ஒளிந்தால் எதிரிகளின் பாஸிவ் எண்ணில் 5 கூடும், மூன்றாம் முறை, கையில் வேலையில்லாத எதிரி தூணைச் சுற்றி வந்துவிடுவார், உருட்டல் கிடையாது. எதிரி தன் ஆக்ஷனைத் தந்து தேடினால் சீட்டிலுள்ள எண்ணைத் தாண்டி உருட்ட வேண்டும். தேடும் எதிரி அந்தச் சுற்றில் அடிக்கவில்லை. அதுவே ரோக்கின் பங்களிப்பு என்பதை டிஎம்களும் மறக்க வேண்டாம்.

கத்திக்காரர் மறைவைவிட்டு வெட்டவெளியைக் கடக்க வேண்டியிருக்கிறது. கடாரத் துறைமுகக் கிடங்குக் காட்சியில், கற்பூர மூட்டைகளுக்கு நடுவே இதைச் சோதித்தோம். 15 அடி அனுமதித்தால் எல்லாரும் முதுகில் குத்தினார்கள்; 5 அடி என்றால் யாராலும் முடியவில்லை. 10 அடி, அதாவது விரிப்பில் இரண்டு கட்டம், அதுவும் எதிரி வேறொருவரோடு மோதிக்கொண்டிருந்தால் மட்டும் என்று நிறுத்தினோம்.

திடீர்த் தாக்குதலுக்கு 2024 விதியே போதும்: அதிர்ந்தவர் இனிஷியேட்டிவை (யார் முந்துவார் என்ற உருட்டலை) பாதகத்தோடு உருட்டுவார். 2014இல் அவர் தன் முதல் முறையையே இழப்பார். அதனால் கதையின் பெரிய வில்லன் வாய் திறக்குமுன் சாய்ந்த சனிக்கிழமைகளை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழுவாகப் பதுங்கும்போது பாதிப்பேர் தேறினால் போதும். நால்வருக்கும் தலா 70 விழுக்காடு வாய்ப்பு என்றால், நால்வருமே தேறுவது 24 விழுக்காடுதான். இருவராவது தேறுவது ஏறத்தாழ 92. சங்கிலிக் கவசம் அணிந்தவர் பாதகத்தோடு உருட்டுவதால் இதில் கொஞ்சம் குறையும். அவரைக் கழற்றிவிட்டுப் போகத் தேவையில்லை.

தீராதவை இரண்டு. மாயத்தால் உருவம் மறைந்தவரின் காலடி ஓசை கேட்கும், ஆகவே அவரும் ஒளிந்தால்தான் இருப்பிடம் தெரியாமல் போகும். எவ்வளவு தூரம்வரை கேட்கும் என்பதில் டிஎம்கள் ஒத்துப்போகவில்லை. குதிரை மேலிருந்து ஒளியலாமா என்பது மற்றொன்று. இரண்டையும் ஆடித்தான் தீர்க்க முடியும், ஆட ஆள் வேண்டும்.

இங்கே வருகையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சோதனை ஆட்டத்துக்கு ஒரு டிஎம்மும் நான்கு ஆட்டக்காரர்களும் வேண்டும். அந்த நால்வர் சேராமல் மேசை மடித்து வைக்கப்பட்ட மாலைகள் உண்டு. மழை, எல்ஆர்டி ரயில் தாமதம், கார் நிறுத்த இடமின்மை எல்லாம் உண்மைதான். ஆனால் அதே மழையில் நள்ளிரவுவரை புலனத்தில் விதி விவாதம் மட்டும் தடையின்றி நடக்கிறது. தாளின் வரைவு எல்லாருக்கும் அனுப்பப்பட்டது. கருத்து எழுதியவர்கள் வழக்கமாக வருகிறவர்களே. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் வரைவைத் திறந்ததாகத் தெரியவில்லை.

சந்தா நிலுவையும் அப்படியே. அறை வாடகை, மின்சாரம், நகல் எடுப்பது ஆகியவை சந்தாவிலிருந்துதான் போகின்றன. கடன் இல்லை, கையிருப்பு பெரிதாகவும் இல்லை. வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. இரவல் போன பகடைத் தொகுதிகளையும் சிற்றுருவங்களையும் வைத்திருப்பவர்கள் பெயர் கேட்கப்படாமலே திருப்பித் தரலாம். நுழைவாயில் அருகே பெட்டி வைத்திருக்கிறோம்.

வழிகாட்டிய தலைவருக்கும், கணக்கைக் கவனித்த பொருளாளருக்கும், கணக்காய்வாளருக்கும், அறை உரிமையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி. விதித்தாளைத் தட்டச்சு செய்து பக்கம் அமைத்த இளைஞர்களுக்குச் சிறப்பு நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி இப்பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் ஆண்டு விவரங்களைச் சங்கப் பதிவு இலாகாவுக்கு அளிக்க வேண்டும். புதிய பொறுப்பாளர் பட்டியலும் அதில் அடங்கும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முன்வருபவர் மேற்சொன்ன இரு தீராத விதிகளையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும். யாரும் முன்வராவிட்டால், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையைச் சோதனைக்கென ஒதுக்கவும், அன்று வர இயலுகிற நால்வரின் பெயரை இக்கூட்டத்திலேயே பதிந்துகொள்ளவும் பரிந்துரைக்கிறேன். பதிவேடு மேசையில் திறந்தே இருக்கிறது.

விதித்தாளின் அச்சுப் படிகள் பொருளாளரிடம் உள்ளன. நடப்பாண்டுச் சந்தா ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
செயலாளர்