யூட்டா மலைப்பாதையில் ஒரு நீண்ட ஓட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, இது ஜீப்பா, டிராக்டரா, இதை நம்பி எப்படி மலை ஏறினாய் என்று கேட்டிருந்தீர்கள். போனில் ஆரம்பித்தால் பாதியில் பேச்சு வேறு பக்கம் போய்விடும். வாழ்நாளெல்லாம் இஞ்சினோடு இருந்தவர் நீங்கள், உங்களுக்கு மேலோட்டமாகச் சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வண்டியை இங்கே சைட் பை சைட் என்கிறார்கள். காட்டுப்பாதை, கல், மணல் என்று ரோடு இல்லாத இடத்துக்கென்றே செய்தது. ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர், பிரேக் எல்லாம் கார் மாதிரிதான், இஞ்சின் மட்டும் சீட்டுக்குப் பின்னால். தலைக்கு மேலே தடித்த குழாயில் ஒரு கூண்டு இருக்கிறதே, வண்டி உருண்டால் நம்மைக் காப்பது அதுதான். ஆனால் சீட் பெல்ட் போட்டுக் கூண்டுக்குள்ளேயே இருந்தால்தான் காக்கும். வண்டி சாயும்போது கை தானாகவே வெளியே ஊன்றப் போகும், அப்படி ஊன்றினால் கை போய்விடும். அதைத் தடுக்கத்தான் பக்கவாட்டில் வலை கட்டியிருக்கிறது. படத்தில் கிழிந்த துணி மாதிரி தெரிகிறது என்று அம்மா சொன்னது இந்த வலையைத்தான்.

நாங்கள் போன பாதைக்குப் பையூட் டிரெயில் என்று பெயர், அந்தப் பகுதியின் பூர்வகுடி மக்களின் பெயர் அது. ஃபிஷ்லேக் தேசிய வனத்துக்குள்ளும் சுற்றியுள்ள மலைகளிலும் ஏறி இறங்கும் ஒரு பெரிய வட்டம், முழுச் சுற்று சுமார் 275 மைல், அதாவது 440 கிலோமீட்டர். எங்கே ஏறினாலும் சுற்றி அங்கேயே வந்து சேரலாம். நாங்கள் மேரிஸ்வேல் என்ற சின்ன ஊரில் தொடங்கினோம். அங்கெல்லாம் இந்த வண்டியை ஊர்த்தெரு வழியாகப் பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வரலாம், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யூட்டா மாநிலத்தின் நிலத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் அமெரிக்க மத்திய அரசின் கையில் இருப்பதால், வேலி இல்லாமல் இவ்வளவு தூரம் போக முடிகிறது. அதற்காக இஷ்டத்துக்கு ஓட்டிவிட முடியாது. 2023 முதல் பொது நிலத்தில் இப்படிப்பட்ட வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு பாடத்தைப் படித்து முடித்திருக்க வேண்டும். நான் இணையத்தில் படித்து முடித்தேன். 18 வயதுக்குக் கீழே என்றால் ஹெல்மெட் கட்டாயம், பெரியவர்களுக்கு இல்லை, ஆனாலும் நாங்கள் எல்லோரும் போட்டிருந்தோம்.

வண்டி என்னுடையது இல்லை, கூட வேலை செய்யும் ஒருவருடையது. வயதில் உங்களைவிடக் கொஞ்சம் சின்னவர். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் வீட்டில் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, உள்பக்கம் தூசி படிந்திருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். நீங்கள் செய்வதுதான். அவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் சாவியை எடுத்துக் கொடுத்து, நாளைக்கு மலை ஏறும்போது நீ ஓட்டு என்றார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்த வார்த்தை வேறு இல்லை அப்பா. வாரமெல்லாம் நான்கு சுவருக்குள் வேலை, நாலு வார்த்தைக்கு மேல் யாரும் பேசுவதில்லை, அப்படி இருக்கும்போது ஒருவர் தன் வண்டியை நம்பிக் கொடுப்பது பெரிய விஷயம்.

சரி, இனி உங்களுக்குப் பிடித்த பகுதி. இதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் கிடையாது. இரண்டு புல்லி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். இஞ்சின் வேகம் கூடக் கூட உள்ளே இருக்கும் எடைகள் வெளியே விரிந்து முன்புல்லியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கும், பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், பின்புல்லியில் அதே நேரம் உள்ளே இறங்கும். இப்படியே கியர் விகிதம் மாறிக்கொண்டு போகும். அதுபோக ஹை, லோ என்று இரண்டு நிலை உண்டு, வேகத்துக்கு ஹை, மெதுவான இழுவைக்கு லோ. வண்டி முக்கும்போதும், மெதுவாகக் கல்மேல் ஏறும்போதும் ஹையில் வைத்து ஓட்டினால் தட்டுகள் பெல்ட்டைச் சரியாகப் பிடிக்காது, வழுக்கும், சூடேறும், கருகும். நீண்ட ஓட்டத்தில் பாதியில் நிற்கும் வண்டிகளில் நிறைய இந்தப் பெல்ட்டால்தான் நிற்கின்றன. அதனால் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே ஏற்றத்தில் போக வேண்டியிருந்தால் லோவைப் போட்டுவிட வேண்டும். பலர் இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். வாசனை வந்தால் நின்று, நியூட்ரலில் போட்டு இஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால், புல்லி சுற்றும் காற்றிலேயே பெல்ட் ஆறிவிடும். கூடுதல் பெல்ட் ஒன்று, அதை மாற்றும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர் எல்லாம் எடுத்துப் போனோம். மலைக்குள் பெரும்பாலான இடத்தில் போன் சிக்னலே கிடையாது.

பள்ளத்தாக்கு சுமார் 6,000 அடியில் இருக்கிறது, டூஷர் மலைகளில் பாதை 11,000 அடியைத் தாண்டுகிறது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் வீதம் இஞ்சினின் சக்தி குறையும் என்று கணக்கு, அப்படியானால் உச்சியில் கடல்மட்டத்துச் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. நீங்கள் கார்புரேட்டர் ஜெட் மாற்றிச் சமாளித்த சங்கதிதான். இங்கே ஃபியூயல் இன்ஜெக்ஷன் தானாகப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது, புகை தள்ளாது, ஆனால் இல்லாத காற்றை அது எங்கிருந்து கொண்டுவரும்? மிதித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்பியது. எனக்கும் அங்கே நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது.

மேலே மரமே இல்லை. புல்லும் கல்லும் காற்றும்தான், கோடையிலும் ஜாக்கெட் வேண்டியிருந்தது. மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் ஒதுங்க இடமில்லை என்பதால் காலையிலேயே ஏறி இறங்கிவிட்டோம். இறங்கும் வழியெல்லாம் ஆஸ்பென் மரங்கள், வெள்ளைத் தண்டு, காற்று லேசாக அடித்தாலே இலை மொத்தமும் படபடக்கும். இதே வனத்தின் கிழக்குப் பக்கம் ஃபிஷ் ஏரிக்கு அருகில் பாண்டோ என்ற ஆஸ்பென் தோப்பு இருக்கிறது, பார்த்தால் ஆயிரக்கணக்கான மரம், உண்மையில் ஒரே வேரிலிருந்து முளைத்த ஒரே மரம், 100 ஏக்கருக்கும் மேல். அடுத்த முறை அதைப் பார்க்கப் போக வேண்டும்.

பாதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. ஒற்றை வண்டிப் பாதையில் எதிரே ஆள் வந்தால் இறங்குகிறவர் ஒதுங்கி ஏறுகிறவருக்கு வழி விடுகிறார், கடக்கும்போது தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று விரல் காட்டுகிறார். முன்வண்டிப் புழுதியில் ஒன்றும் தெரியாத வளைவுகளில் இந்த விரல்தான் விபத்தைத் தடுக்கிறது. தடம் விட்டுப் புல்லில் இறங்கி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த உயரத்தில் புல் வளரும் காலமே சில மாதங்கள்தான், சக்கரத் தடம் ஆறப் பல வருஷம் ஆகும்.

திரும்பி வந்ததும் நண்பரோடு சேர்ந்து புல்லி மூடியைக் கழற்றினேன். உள்ளே கறுப்புத் தூள் கொஞ்சம்தான் இருந்தது, ஊதித் துடைத்துவிட்டோம். பெல்ட்டில் கீறல் இல்லை, நூல் பிரியவில்லை, ஆனால் பக்கவாட்டில் ஓர் இடத்தில் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று அவர் சொல்கிறார், மாற்றிவிடுவது நல்லது என்று எனக்குப் படுகிறது. வெளிச்சத்தில் வைத்துக் கிட்டத்தில் எடுத்த படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்யலாம் என்று அவரும் காத்திருக்கிறார்.

உங்கள் அன்பு மகன்