பழைய கல்லூரிக் கட்டடத்தில் ஏ.சி. பொருத்தும் முன் மின் இணைப்புகளைப் புதுப்பித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆசிரியர்கள் மற்றும் முன்னாள் மாணவர்கள்,
அரசு கலைக் கல்லூரி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை.

பொருள்: கல்லூரியின் பாரம்பரியக் கட்டடம் – மின் இணைப்பு, காற்றோட்ட வசதிகளைச் சீரமைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் கல்லூரியின் பழைய கட்டடத்தில் உள்ள நூலகத்துக்கும் கருத்தரங்கக் கூடத்துக்கும் குளிர்சாதன வசதி செய்துதர முன்வந்தமைக்கு நன்றி. அந்த வேலை தொடங்குவதற்கு முன், கட்டடத்தின் வயரிங் முழுவதையும் மாற்றித் தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

கட்டடத்தின் பல பகுதிகளில், மரச்சட்டத்துக்குள் ஓடும் ரப்பர் உறையிட்ட பழைய கம்பிகளே இன்னும் பயன்பாட்டில் உள்ளன. விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே போடப்பட்ட அந்தக் கம்பிகள்தாம் இப்போது கணினிகளையும் புரொஜெக்டர்களையும் தாங்குகின்றன. காலப்போக்கில் ரப்பர் உறை காய்ந்து, தொட்டாலே உதிரும் நிலைக்கு வந்துவிடும். பல அறைகளில் எர்த் கம்பியே இல்லை. ஃபியூஸ் போகும்போதெல்லாம் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் வழக்கமும் இருக்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை எண்ணும்போது, இதே இணைப்புகளில் ஏ.சி.யின் சுமையையும் ஏற்றுவது எங்களுக்குப் பெரும் அச்சத்தைத் தருகிறது.

இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜனீரோவில், முன்பு அரண்மனையாக இருந்த பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, தீ கேட்போர் கூடத்து ஏ.சி.யில் தொடங்கியதாக அந்நாட்டுக் காவல்துறை விசாரணை கண்டறிந்தது. மின்சுமை மிகும்போது இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர், அங்கிருந்த கருவிகளுக்குத் தனித்தனியாக இல்லை. 2014 மே 23 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் தீப்பிடித்ததற்குக் காரணம் மின்கோளாறு அல்ல. ஆயினும் சுவர்களுக்குள் இருந்த பழைய காற்றுக்குழாய்கள் தீ பரவ வழியாகி, அதன் புகழ்பெற்ற நூலகம் அழிந்தது. தீயணைப்புக்கான நீர்த்திவலை அமைப்பு அப்போது பொருத்தப்பட்டுக்கொண்டிருந்தது, ஆனால் இயங்கும் நிலைக்கு வரவில்லை. எங்கள் நூலகத்திலும் மர அலமாரிகளும் மர உத்தரங்களுமே நிறைந்திருக்கின்றன.

காற்றோட்டம் குறித்தும் ஒரு சொல். தடித்த சுவர்களும், உயர்ந்த கூரையும், அதன் அடியில் வெப்பக் காற்றை வெளியேற்றும் வென்டிலேட்டர்களும் கொண்டு கட்டப்பட்ட கட்டடம் இது. அவற்றில் பெரும்பாலானவை பலகை அடித்தும் பெயின்ட் பூசியும் அடைக்கப்பட்டுவிட்டன. அவற்றைத் திறந்தாலே பல வகுப்பறைகளுக்கு ஏ.சி. தேவைப்படாது என்பது எங்கள் கருத்து. திட்டத்தில் உள்ள ஃபால்ஸ் சீலிங்கைக் கைவிடுமாறும் வேண்டுகிறோம்; அது உத்தரங்களைக் கண்ணுக்கு மறைப்பதால், மேலே ஈரம் கசிந்தாலும் கரையான் ஏறினாலும் காலம் கடந்தே தெரியவரும்.

வேலை நடக்கும் முறையும் முக்கியம். சுண்ணாம்புக் காரைச் சுவர்களை வெட்டிக் கம்பியைப் புதைத்து, மேலே சிமென்ட் பூசினால், சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிக் காரை பெயர்ந்து விழும். எனவே பழைய மரச்சட்டங்கள் சென்ற தடத்திலேயே புதிய கேபிள்களைக் கொண்டுசெல்லவும், ஆணிகளைக் கல்லில் அடிக்காமல் சாந்து இணைப்புகளில் மட்டும் பொருத்தவும், ஒவ்வொரு ஏ.சி.க்கும் தனிக் கேபிளும் பிரேக்கரும் எர்த்திங்கும் அமைக்கவும், ஏ.சி.யின் வெளிப்புறக் கருவிகளை முகப்பில் மாட்டாமல் பின்புறம் வைக்கவும், தளத்திலிருந்து தளத்துக்குச் செல்லும் துளைகளைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்கவும் ஒப்பந்த நிபந்தனைகளிலேயே ஆணையிட வேண்டுகிறோம். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே, பாரம்பரியக் கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரைக் கொண்டு அறை அறையாக ஆய்வு செய்வது அவசியம்.

நிதி போதாதெனில், இவ்வாண்டு வயரிங்கை மட்டும் முடித்து, ஏ.சி.யை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க நாங்கள் முழுமனதுடன் சம்மதிக்கிறோம். தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கியதும் கட்டடத்தைக் காலிசெய்து ஒப்படைக்கவும், நூல்களை இடம் மாற்றும் பணியில் துணைநிற்கவும் ஆயத்தமாக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர்கள் மற்றும் முன்னாள் மாணவர்கள்