மண்டபம் கேம்ப்பின் பழைய கட்டடங்களில் ஒன்றையாவது காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் அமைப்போம் என்று 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தபோது இந்தக் கரைக்காரர்கள் எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். அழகன்குளத்தில் தோண்டி எடுத்த பானை ஓடுகளும் ரோமானியக் காசுகளும், பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகளும் இந்த மாவட்டத்து ஜனங்கள் பார்க்கிற இடத்தில் இருக்கவேண்டும், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றும் கேட்கவேண்டியிருக்கிறது. முத்தும் சங்கும் போன இதே கடலில் லட்சக்கணக்கான மனிதர்களும் இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள், அதில் ஒரு பகுதி திரும்பியும் வந்தார்கள், அவர்களைப் போகும்போதும் வரும்போதும் தங்கவைத்த கட்டடங்கள் மண்டபம் கேம்ப்பில் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது பழுதுபார்த்து அந்த மக்களின் வரலாற்றுக்கான இடமாக மாற்றவேண்டும்.

மண்டபத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போகிறவர்கள் பலருக்கு இது என்ன இடம் என்றே தெரியாது. கார் நேராகப் பாம்பன் பாலத்தில்தான் நிற்கும், அங்கே போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நின்று பார் என்று சொல்ல நாம் ஒரு பலகைகூட வைக்கவில்லை.

இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற தலைவர்கள், ஆள் பிடித்துக்கொண்டு போன காலம் அது. ஆரம்பத்தில் போனவர்கள் தோணியில் மன்னார் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள், காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கப்பலும் ஓட ஆரம்பித்த பிறகு போகிற வழி மண்டபம் ஆனது. இங்கே இருந்த தொற்றுத்தடுப்பு முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று பல சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி வந்த குடும்பங்களை இங்கே நிறுத்தி, பெயரையும் ஊரையும் எழுதி, டாக்டர் பார்த்து, அம்மை குத்தி, துணிமணிகளைக்கூட மருந்தடித்துச் சுத்தம் செய்து, சில நாட்கள் வைத்திருந்து நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் ரயிலேற்றினார்கள். எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் அப்பா இப்படித்தான் அட்டன் பக்கம் போனவர். தோட்டக்கூலிகள் இலங்கை போவதற்கு இந்திய அரசு 1939 ஆகஸ்டில் தடை போடும்வரை மண்டபத்தைத் தாண்டாமல் தோட்டத்துக்குப் போனவர்கள் குறைவு.

திரும்பி வந்த கதை இன்னும் வேதனையானது. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத்து மக்களை எந்த நாட்டுக்காரர்களும் இல்லாமல் ஆக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். யார் எங்கே என்று அந்த மக்களை ஒருவரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை. அது கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகாமல் டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது, ரயில் பாதையும் துறைமுகமும் போய்விட்டன, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலில் போனது. அதனால் ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மறுபடியும் இந்த மண்டபத்துக்கே வந்தார்கள். இங்கிருந்துதான் கூடலூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். பாட்டன் ஊசி போட்டுக்கொண்டு போன இடத்தில் பேரன் மூட்டையோடு வந்து நின்றிருக்கிறான். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களுக்கும் இதே இடம்தான், 2022-இல் இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் படகேறி வந்தவர்களையும் இங்கேதான் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

குந்துகாலில் விவேகானந்தர் 1897-இல் வந்து இறங்கியதற்கு நினைவிடம் இருக்கிறது. பேக்கரும்பில் கலாமுக்கு மணிமண்டபம் இருக்கிறது, தினமும் கூட்டம் நிற்கிறது. இரண்டுக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன், பெருமையாகவே இருந்தது. ஆனால் பெயர் தெரியாமல் போன இத்தனை லட்சம் பேருக்கு ஒரு அறைகூட ஏன் இல்லை? மொரீஷியஸில் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இந்தியாவிலிருந்து போன கூலிகள் வந்து இறங்கிய பழைய கட்டடத்தின் எச்சங்களை அப்படியே வைத்து அருமையாகப் பராமரிக்கிறார்கள், ஆப்ரவாசி காட் என்று பெயர், 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவித்தது. வந்து இறங்கிய ஊர்க்காரர்களுக்கு இருக்கிற அக்கறை, அனுப்பிவைத்த ஊர்க்காரர்களான நமக்கும் வேண்டும் இல்லையா?

ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கேம்ப்பில் இப்போதும் குடும்பங்கள் வசிக்கின்றன, பழைய கட்டடங்களில் இருப்பவர்களும் உண்டு. அருங்காட்சியகம் என்று சொல்லி ஒரு குடும்பத்தையாவது கிளப்பினால் அந்த அருங்காட்சியகமே வேண்டாம். அவர்களுக்கு முதலில் ஒழுகாத கூரையும் நல்ல கழிப்பறையும் வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். யாரும் குடியில்லாமல் பாழடைந்து கிடக்கிற கட்டடம் ஒன்றை மட்டும் எடுக்கலாம். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை, வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்கிற வேலை எல்லாம் கேம்ப் பிள்ளைகளுக்கே முதலில் கிடைக்கவேண்டும். படித்துவிட்டு நல்ல வேலை கிடைக்காமல் பெயின்ட் அடிக்கப் போகிற பிள்ளைகள் அங்கே நிறைய, அவர்களைவிட இந்தக் கதையைச் சொல்லத் தகுந்தவர்கள் யார்?

பழுதுபார்ப்பது என்றால் நம் ஊரில் சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, மஞ்சள் பெயின்ட் அடிப்பது என்று ஆகிவிட்டது. இந்தக் கரையில் அது கட்டடத்தைக் கொல்கிற வேலை. உப்புக் காற்றும் தரையிலிருந்து ஏறுகிற உப்புத் தண்ணீரும் சுவருக்குள் இருந்துகொண்டே இருக்கும், சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது, உள்ளேயே உப்புப் பூத்துச் செங்கல்லையும் கல்லையும் மாவாக உதிர்க்கும். கம்பி போட்டுக் கான்கிரீட் தூண் கொடுத்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்துச் சுவரையே பிளந்துவிடும், கடலோரத்தில் வீடு கட்டிய எவரையும் கேளுங்கள், சொல்வார்கள். அதனால் முதலில் எந்தச் சாந்தில் கட்டியது, எந்த ஓடு, எந்த மரம் என்று ஆள் வைத்துப் பார்த்து எழுதவேண்டும். பிறகு அதே மாதிரி சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசத் தெரிந்த பெரிய கொத்தனார்களைத் தேடிப் பிடிக்கவேண்டும். இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் கையோடு இந்த வேலையும் போவதற்குள் பத்து இளவட்டங்களுக்காவது கற்றுக்கொடுக்க இந்தக் கட்டடமே பட்டறையாக இருக்கட்டும். பவளப்பாறைக் கல் வைத்துக் கட்டிய பகுதி ஏதாவது இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், கடலில் அதை வெட்டுவதற்கு இன்று சட்டத்தில் இடமில்லை, மன்னார் வளைகுடா பாதுகாக்கப்பட்ட பகுதி. இடிந்து விழுந்து கிடக்கிற கற்களைப் பொறுக்கி வைத்துத்தான் திரும்பக் கட்டமுடியும், குப்பை என்று லாரியில் அள்ளிவிட்டால் முடிந்தது.

உள்ளே என்ன வைப்பது என்பதற்கு நான் பெரிய யோசனை சொல்லப்போவதில்லை, ஒலியும் ஒளியும் வைத்து மெழுகுப் பொம்மைகளை நிறுத்தவேண்டாம் என்பது மட்டும் என் கருத்து. பெயர்கள் வேண்டும். சென்னையிலும் கொழும்பிலும் ஆவணக் காப்பகங்களில் இருக்கிற குடியேற்றப் பதிவுகளை நகலெடுத்து, அப்பா பெயர், ஊர், போன தோட்டம் என்று ஒருவர் தன் முன்னோரைத் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி வைத்தால் கண்டியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆள் வரும். அப்புறம் குரல்கள். ஒப்பந்தத்தில் திரும்பி வந்தபோது சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. கப்பலில் இறங்கிய நாளை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுப் பதிவு செய்வதற்குக் கட்டடம் தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு செல்போன் போதும், நம் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

இந்தக் கட்டடங்கள் எந்தத் துறையின் பொறுப்பு என்று விசாரிக்கப் போனால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டுகிறது, அந்த அலுவலகம் மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறது. கொடுத்தேன், பதில் இல்லை. அதனால்தான் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன்: நாவாய் அருங்காட்சியகத்தின் வேலையைப் பார்க்கிறவர்கள் ஒரு முறை மண்டபம் கேம்ப்புக்கு வந்து, அங்கே குடியிருப்பவர்களையும் கூட வைத்துக்கொண்டு, எந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற முடியும் என்று பார்க்கட்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் கூரைக்குத் தார்ப்பாயாவது போடட்டும், அதற்குப் பெரிய திட்ட அறிக்கை எதுவும் வேண்டாம்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில், தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் ஓடிய ராமானுஜம் கப்பலின் டிக்கெட்டோ, பழைய இலங்கைப் பாஸ்போர்ட்டோ, கேம்ப்பில் கொடுத்த குடும்ப அட்டையோ, தகரப் பெட்டியோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது யாருடையது, எந்த வருஷம் வந்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
உச்சிப்புளி