தொட்டியையும் மீனையும் ஒரே நாள்ல வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, லீவுல பசங்க கையில இருந்து செல்போனைப் புடுங்கணும்னா மீன் தொட்டி வாங்கிக் குடுங்கன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல யோசனை தான், மீன் விக்கிறவன் நான் வேணாம்னா சொல்லுவேன், ஆனா பக்கத்துல போட்டிருந்த படத்துல ஒரு உருண்டை கண்ணாடி ஜாடில ரெண்டு கோல்டு ஃபிஷ், கட்டுரையிலயும் தொட்டிய வாங்கினோமா தண்ணிய ரொப்பினோமா மீனை விட்டோமான்னு ரெண்டே வரில சோலிய முடிச்சிட்டாங்க. அந்த ரெண்டு வரி தான் என்னை எழுத வெச்சுது.

கொளத்தூர்ல மொட்டை மாடிலயும் பின்கட்டுலயும் சிமென்ட் தொட்டி கட்டி கப்பி, மாலி, பிளாட்டி வளர்த்து கடைங்களுக்கு லாட்டா போடற குடும்பம் எங்களது. எங்க ஏரியால கடைக்கு வர்றவங்களைப் பாத்துட்டே தான் இருக்கேன், ஞாயித்துக்கிழமை தொட்டி, கல்லு, பம்ப்பு, பொம்மை, பத்து பன்னெண்டு மீன் எல்லாம் ஒரே ஆட்டோல ஏத்திட்டுப் போவாங்க, அடுத்த வாரமே பாதி செத்துருக்கும். திரும்பி வந்து கேட்டா கடைக்காரர் ஒரு நீல மருந்து குடுப்பாரு, வீட்ல பாட்டி இருந்தா "போகட்டும் விடு, நமக்கு வர இருந்த கண்டத்தை மீன் வாங்கிட்டுப் போயிடுச்சு"ன்னு சொல்லிடுவாங்க, அதோட விஷயம் குளோஸ். நம்பிக்கைய நான் குறை சொல்லல சார், ஆனா இந்த ஒரு பேச்சால தான் மீன் ஏன் செத்துச்சுன்னு யாருமே கேக்காம விட்டுடறாங்க. செத்தது அமோனியால.

விஷயம் இவ்ளோ தான். மீன் செவுள் வழியா அமோனியாவை விட்டுட்டே இருக்கும், அதோட கழிவும் மிச்சம் விழுந்த தீனியும் அழுகினாலும் அதே அமோனியா தான். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம் தான், இன்னொரு வகை வந்து அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும், நைட்ரேட் கொஞ்சம் இருந்தா பரவால்ல, வாராவாரம் தண்ணி மாத்தினா குறைஞ்சிடும். இந்த பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டிட்டு வாழற ஜீவன், புதுத் தொட்டில அது இருக்காது, தானா வளந்து வர நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் ஆகும். அதுக்கு முன்னாடி பத்து மீனைக் கொண்டு போய் விட்டா அதுங்க விட்ட அமோனியாலயே அதுங்க மூழ்கும். இதுல கொடுமை என்னன்னா அமோனியா கண்ணுக்குத் தெரியாது, தண்ணி பளிச்சுன்னு தான் இருக்கும், மீன் மட்டும் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடிட்டு இருக்கும், செவுள் சிவந்திருக்கும், ரெக்கைய ஒடம்போட ஒட்டி வெச்சிருக்கும். நம்மாளுங்க பசிக்குது போலன்னு இன்னும் கொஞ்சம் தீனி போடுவாங்க. அந்த நேரத்துல தீனிய நிறுத்தணும், கால்வாசியோ பாதியோ தண்ணிய எடுத்துட்டு குளோரின் இல்லாத தண்ணி ஊத்தணும். அந்த நீல மருந்து மெத்திலீன் புளூ, சில நோய்க்கு அது வேலை செய்யும் தான், ஆனா அப்பத்தான் வளர ஆரம்பிச்சிருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் அது ஆகாது, எரியற எடத்துல இன்னும் எண்ணெய ஊத்தின கதை.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ரெண்டடி தொட்டி வாங்குங்க, ரெண்டடி நீளம் ஒரு அடி அகலம் ஒரு அடி உயரம், கல்லு போட்டு மேல கொஞ்சம் விட்டு ரொப்பினா சுமார் 45 லிட்டர் புடிக்கும். சின்னதா இருந்தா ஈசின்னு நெனைக்கிறாங்க, நேர் எதிர், தண்ணி கம்மியா இருந்தா விஷம் சீக்கிரம் ஏறும், சூடும் சீக்கிரம் ஏறும். தண்ணி, கல்லு, கண்ணாடி எல்லாம் சேந்து 60 கிலோவுக்கு மேல வரும், டீபாய் மேலயெல்லாம் வெக்காதீங்க, கீழ தெர்மாகோல் ஷீட் போடுங்க, ஜன்னல் வெயில் படற எடத்துல வெச்சா பாசி மண்டிடும். ஃபில்டருக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் போதும். பம்ப்பை மட்டும் தொட்டி தண்ணி மட்டத்துக்கு மேல மாட்டுங்க, கீழ வெச்சா கரண்டு போனப்போ டியூப் வழியா தண்ணி ரிவர்ஸ்ல எறங்கி பம்ப்புக்குள்ள போயிடும், ஹாலும் நனையும்.

தண்ணி விஷயத்துல நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. மெட்ரோ வாட்டர்ல குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் போடாம ஊத்தக்கூடாது. போர் தண்ணி பல ஏரியால உப்பு ஜாஸ்தி, பிஹெச்சும் (தண்ணியோட அமில, கார அளவு) ஏறி இருக்கும், பிஹெச்சும் வெயிலும் ஏற ஏற அதே அளவு அமோனியா இன்னும் கடுமையான விஷமா மாறும்ங்கறதால வெளிநாட்டு வீடியோ பாத்து செய்யறவங்க இங்க கொஞ்சம் உஷாரா இருக்கணும். அதுக்காக கேன் தண்ணியவும் ஆர்.ஓ. தண்ணியவும் மட்டும் ஊத்தறாங்க பாருங்க, அது அதவிட தப்பு, அதுல மீனுக்கு வேண்டிய தாது எதுவும் மிஞ்சாது, பிஹெச்சும் நிக்காது. நம்ம கடினத் தண்ணிக்கு கப்பி, மாலி, பிளாட்டி அழகா செட் ஆகும், தண்ணிக்கேத்த மீனைப் புடிச்சா தண்ணியோட சண்டை போட வேண்டியதே இல்ல.

தொட்டிய செட் பண்ணி ஓட விட்டுட்டு ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுட்டே வாங்க, அது அழுகி வர்ற அமோனியால பாக்டீரியா வளரும். தெரிஞ்சவங்க வீட்ல நோய் இல்லாத ஓடற தொட்டி இருந்தா அவங்க பழைய ஸ்பாஞ்சுல பாதி வாங்கி உங்க தொட்டில போட்டுடுங்க, காசு குடுத்து வாங்கற எந்த பாட்டிலும் அதுக்கு ஈடாகாது, ஒண்ணு ரெண்டு வாரத்துலயே ரெடி ஆயிடும். சொட்டு விட்டுப் பாக்கற டெஸ்ட் கிட்டுல அமோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ, நைட்ரேட் மட்டும் காட்டுதுன்னா மீன் வாங்கப் போலாம். அப்பவும் மூணு நாலு மட்டும். கவரை தொட்டில கால் மணி நேரம் மெதக்க விட்டு, தொட்டித் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா கவர்ல சேத்து, அப்புறம் மீனை மட்டும் வலையில எடுத்து விடுங்க, கவர் தண்ணி சிங்க்குக்கு. ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த மூணு.

எந்த மீன்னு கேட்டா ஆண் கப்பி ஆறேழு, இல்ல ஜீப்ரா டேனியோ ஆறு எட்டு. ஜீப்ரா நம்ம நாட்டு மீனே தான், 1822ல ஹாமில்டன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கங்கை மீன்களைப் பத்தி எழுதினப்போ பேர் வெச்சது, கூட்டமா தான் இருக்கும், எதையும் தாங்கற மீன், ஆரம்பிக்கிறவங்களுக்கு அதைவிட நல்லது இல்ல. கப்பில பெண்ணு சேத்தீங்கன்னா மாசாமாசம் குட்டி, ஆணே இல்லாம பெண்ணா மட்டும் வாங்கினாலும் பாதிக்கும் மேல ஏற்கனவே கருவோட தான் வரும், உள்ள சேத்து வெச்சதை வெச்சே பல மாசம் குட்டி போடும். ஃபைட்டர்னு சொல்ற சண்டை மீன்னா ஒண்ணு மட்டும் தனியா. கோல்டு ஃபிஷ் இந்த சைஸுக்கு வேணாம், நல்லா வளத்தா ஒரு அடிக்குக் கிட்ட வரும், கழிவும் ஜாஸ்தி, ரோம் நகரத்துல 2005லயே உருண்டை ஜாடில கோல்டு ஃபிஷ் வெக்கக்கூடாதுன்னு தடை போட்டாச்சு, நாம இன்னும் பர்த்டே ரிட்டர்ன் கிஃப்ட்டா குடுத்துட்டு இருக்கோம்.

எனக்கு நெஜமா கோவம் வர்றது சக்கர் மீன்லயும் ஷார்க்குன்னு சொல்லி விக்கிற மீன்லயும் தான். "க்ளீன் பண்ணும் சார், ஒண்ணு போட்டுக்கோங்க"ன்னு விரல் சைஸ் சக்கரைப் போட்டுக் குடுப்பாங்க, அது ஒரு அடியையும் தாண்டும், பாசி கொஞ்சம் திங்கும் தான், ஆனா அது போடற கழிவை யார் க்ளீன் பண்றது. ஷார்க்குன்னு விக்கிறது பங்காசியஸ் கெளுத்தி, சாப்பாட்டுக்காகப் பண்ணையில வளக்கற ஜாதி, ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். வளந்தப்புறம் பாவம்னு சொல்லி ஏரில கொண்டு போய் விட்டுடறாங்க, சக்கர் கரையில பொந்து போடும், முள்ளு வலையக் கிழிக்கும், நம்ம நாட்டு மீனோட எடத்தை அது புடிச்சுக்கும், ஏரில வலை போட்டுப் பொழைக்கிறவங்க கிட்ட கேட்டுப் பாருங்க, திட்டு தான் வரும். வேணாம்னா வாங்கின கடையிலயே திருப்பிக் குடுங்க, காசு வராட்டியும் பரவால்ல.

இன்னொண்ணு, மாசம் ஒருக்கா தொட்டிய மொத்தமா காலி பண்ணி கல்லை சோப்பு போட்டுத் தேய்க்கிற பழக்கத்தை விடுங்க, கஷ்டப்பட்டு வளந்த பாக்டீரியா அத்தனையும் அன்னிக்கே காலி. வாரம் கால்வாசி தண்ணி எடுங்க, எடுத்த அந்தத் தண்ணிலயே ஸ்பாஞ்சைப் பிழிஞ்சு கழுவுங்க, குழாய்ல காட்டாதீங்க. மேல ஒரு மணி பிளான்ட் கொடிய வெச்சு வேரை மட்டும் தண்ணில விட்டீங்கன்னா நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கும், செலவே இல்ல.

2017ல மத்திய அரசு மீன் தொட்டி கடைகளுக்குன்னு விதிமுறை கொண்டு வந்து, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கிட்டாங்க. அதுல நூத்துக்கும் மேல மீன் ஜாதிய ஒரேயடியா விக்கக்கூடாதுன்னு போட்டதால நாங்களும் எதிர்த்தோம், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா ஒவ்வொரு தொட்டி மேலயும் இந்த மீன் முழுசா வளந்தா இவ்ளோ நீளம், இதுக்கு இவ்ளோ பெரிய தொட்டி வேணும்னு ஒரு சீட்டு ஒட்டச் சொன்னா எந்தக் கடையும் மூடிடாது. கொளத்தூர் கடைங்க சங்கமா சேந்து தானா செய்யலாம், இல்ல மீன்வளத்துறை சொல்லி செய்ய வெக்கலாம். நீங்களும் அந்தக் கட்டுரைய எழுதினவங்களை இன்னொரு தடவை இந்தப் பக்கம் அனுப்புங்க, காலைல ஆறு மணிக்கு வந்தா பாக்கெட் போடற நேரம், எல்லாத்தையும் காட்டறேன். அந்த ஜாடி படத்தை மட்டும் அடுத்த வாட்டி போடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வண்ண மீன் வளர்ப்பாளர்,
கொளத்தூர், சென்னை