பிளேன்டீ நிறம்

முள்ளியவளை

அன்பு மச்சான்,

போன கிழமை உனக்குப் பதில் எழுத முடியவில்லை. தம்பியின் மூத்தவனோடு ஆஸ்பத்திரியில் நின்றேன். இப்போது பெடியன் வீட்டில்தான், பயப்படாதே.

கொழும்பில் கதிரையில் இருந்து வேலை செய்கிற பிள்ளை. லீவில் வந்தவன் சிறுபோக நெல் மூட்டை ஏற்ற இறங்கிவிட்டான். இரண்டு நாள் கொதிக்கிற வெயில், தண்ணீரும் ஒழுங்காகக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் எழும்ப முடியவில்லை. தொடை இரண்டும் வீங்கிக் கல்லுப் போல இருந்தன. தாய் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தா. நான் போனதும் மெதுவாகச் சொன்னான், "பெரியப்பா, சலம் பிளேன்டீ மாதிரிப் போகுது." உடனே ஓட்டோ பிடித்தேன்.

ராப்டோமயோலிசிஸ் என்றார் டொக்டர். தசை நார்கள் உடைந்து, உள்ளே இருக்கிற மயோகுளோபின் இரத்தத்தில் கலந்துவிடுகிறதாம். சலத்தைக் கறுப்பாக்குவதும் அதுதான், சிறுநீரகத்தைக் கெடுப்பதும் அதுதான். சி.பி.கே. என்று ஒரு இரத்தப் பரிசோதனை. 200 அளவில் நிற்க வேண்டியது இவனுக்கு 40,000 தாண்டியிருந்தது. வைத்தியம் முக்கியமாகச் சேலைன்தான். பை பையாக ஏற்றி, மணித்தியாலத்துக்கு ஒருமுறை சலத்தை அளந்தார்கள். நான் கொண்டுபோன இளநீரை நேர்ஸ் பிள்ளை வாசலிலேயே மறித்துவிட்டது. உடைந்த தசையிலிருந்து ஏற்கெனவே பொட்டாசியம் இரத்தத்தில் கொட்டுகிறது, இளநீரிலும் அது நிறைய, கூடினால் இதயத் துடிப்பே குழம்பிவிடுமாம். டயாலிசிஸ் வரை போகவில்லை. ஐந்தாம் நாள் சலம் தெளிந்தது.

நீ போடுகிற கொழுப்புக் குளிசையாலும் அரிதாக இது வருவதுண்டாம். நீயாக நிறுத்திவிடாதே. ஆனால் தசை நோவும் கறுத்த சலமும் கண்டால் அன்றைக்கே டொக்டரிடம் போ.

அப்புறம், டொக்டர் இன்னொன்றும் சொன்னார். 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசிபட்டவர்களிடம் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். வெளியே எடுத்தபோது நன்றாகக் கதைத்தவர்கள், சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. எங்கள் பங்கர் இடிந்த அன்று, இடுப்புவரை மண்ணுக்குள் கிடந்தவனை நீயும் நானும்தானே வெறுங்கையால் தோண்டி எடுத்தோம்? பெரிய காயம் ஒன்றுமில்லை. தேத்தண்ணி குடித்தான், சிரித்தான். மூன்றாம் நாள் போய்விட்டான். பயத்தில் செத்தான் என்று சனம் சொன்னது. நாங்கள் இழுத்த இழுவையில்தான் ஏதோ பிழை நடந்தது என்று நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

அவன் அம்மா இப்போது மாங்குளத்தில் இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை போய் இதைச் சொல்லப்போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்